சுரண்டைக் காற்றும் சுற்றித் திரியும் மனமும்



நெல்லைச் சீமைக்குப் போய் வந்தேன் என்று எவரேனும் எழுதத் தொடங்கினால், இரண்டாவது வரியிலேயே குற்றாலம் வந்துவிடும். பேரருவியில் நனைந்ததும், ஐந்தருவியில் கூட்டத்தில் நெரிபட்டதும், பழைய அருவிக் கரையில் பிரியாணிப் பொட்டலம் பிரித்ததும் விரிவாக வரும். நானும் அப்படி எழுதியவள்தான். இம்முறை உங்களை அருவிக்கு அழைத்துச் செல்லவில்லை. அருவிக்குப் போகிறவர்கள் எவரும் இறங்காத ஓர் ஊருக்கு அழைத்துச் செல்கிறேன். தென்காசியிலிருந்து கிழக்கே, சுந்தரபாண்டியபுரம், சாம்பவர்வடகரை வழியாகச் செல்லும் பேருந்தில் ஏறினால், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது சுரண்டை.

ஜூன் தொடங்கிச் செப்டம்பர் முடியும்வரை மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று புகுந்து வருகிறது. அது சுமந்து வரும் ஈரத்தின் பெரும்பகுதி மலையிலும் குற்றாலத்திலும் தென்காசியிலும் இறங்கிவிடுகிறது. கிழக்கே செல்லச் செல்ல ஈரம் குறைந்து காற்று மட்டும் மிஞ்சுகிறது. சுரண்டையில் அந்த நாள்களில் வானம் மூடியிருக்கும், வெயில் சுடாது, எப்போதாவது நான்கு தூறல் முகத்தில் விழும். ஆனால் மண்ணை நனைக்கும் மழைக்கு அவ்வூர் ஐப்பசி, கார்த்திகை வரை காத்திருக்க வேண்டும். மாடியில் ஏறி நின்றால் மேற்கே மலை முழுதும் மேகத்தில் மறைந்து கிடப்பது தெரிகிறது. அங்கே பெய்கிறது என்று கண் அறிகிறது. இங்கே துணி காய்ந்துகொண்டிருக்கிறது. வேறோர் இடத்தில் பெய்யும் மழையைப் பார்த்தபடியே வேலை செய்யும் ஊர் அது. மனம் வேறோர் இடத்தில் உலவுவதைப் பற்றி எழுத அதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. 2021-ல் சுரண்டை நகராட்சியானது. காய்கறிச் சந்தையும், கேரளத்துக்குப் புறப்படும் லாரிகளும், காமராசர் பெயரால் அமைந்த அரசு கலைக் கல்லூரியும் ஊருக்கு ஒரு பரபரப்பைத் தந்திருக்கின்றன. ஊரைச் சுற்றிலும் காற்றாலைகள். ஆடியில் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களைப் படம்பிடிக்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். படம் பிடித்ததும் திரும்பிவிடுகிறார்கள்.

நான் சென்றது படம் பிடிக்க அன்று. என் சாச்சி தொலைபேசியில் அழைத்திருந்தார். "நீ முப்பது வருசம் புள்ளைங்களுக்குப் பாடம் சொன்னவ. எம் பேத்தியை வந்து ஒரு தடவை பாரு. புத்தகத்தை விரிச்சி வச்சிட்டு எங்கயோ பராக்குப் பாக்கா. அவ உம்மா அடுத்த வருசம் படிப்பை நிறுத்திருவோங்கா. நீயே வந்து ஒரு முடிவு சொல்லு" என்றார். சாச்சியின் மகன், என் தம்பி முறை, சவூதியில் இருக்கிறான். வீட்டில் இருப்பது மூன்று பெண்கள்: சாச்சி, மருமகள், எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி.

வீட்டுக்குள் நுழைந்ததும் நம்மை வரவேற்பது புகையிலைத் தூளின் நெடி. நடையில் பாய் விரித்து, மாமியாரும் மருமகளும் எதிரெதிரே அமர்ந்து மடியில் சுளகு வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். நெல்லை, தென்காசி மாவட்டங்களை அறிந்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. மத்தியப் பிரதேசம், ஒடிசா, சத்தீசுகர் காடுகளில் பறித்த இலை இங்கே வந்து சேர்கிறது. அதை நனைத்து, ஈரத் துணியில் சுற்றி வைத்து, தகட்டு அளவு வைத்துக் கத்தரியால் வெட்டி, ஒரு சிட்டிகை தூள் வைத்து உருட்டி, நுனியை மடக்கி, நூலால் ஒரு சுற்றுக் கட்ட வேண்டும். ஒன்றுக்கு இத்தனை வேலை. நாள் முழுவதும் அமர்ந்தால் பழகிய கை ஆயிரம் சுற்றும். வீட்டு வேலையும் பார்த்துக்கொண்டு சுற்றுபவர்களுக்கு ஐந்நூறு, அறுநூறே பெரிது. தூள் நெஞ்சில் இறங்குகிறது, இருமல் வருகிறது, முதுகு கூனிப் போகிறது. இத்தொழிலைப் புகழ்ந்து எழுத என் பேனா வராது. அது வளர்த்த குடும்பங்களை மறந்து எழுதவும் வராது.

நான் கவனித்தது வேறொன்று. சாச்சியின் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. கண்கள் அவற்றைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரையும் பார்க்கவில்லை. எங்கோ இருந்தார்.

"எங்கே சாச்சி போயிட்டீங்க?" என்று கேட்டேன்.

"கை அதுபாட்டுக்கு ஓடும்மா. மனசு அதுபாட்டுக்கு ஓடும். ரெண்டுக்கும் வழி வேற" என்றார்.

சகோதரிகளே, இந்த ஒரு சொல்லை ஆய்வுக்கூடத்தில் கண்டறிய அறிவியல் உலகத்துக்கு நெடுங்காலம் ஆயிற்று. நம் மூளை உடல் எடையில் ஏறத்தாழ நூற்றில் 2 பங்குதான். ஆனால் உடல் செலவிடும் ஆற்றலில் 20 பங்கை அது எடுத்துக்கொள்கிறது. கவனமாக ஒரு வேலை செய்யும்போது இச்செலவு மிகச் சிறிதளவே கூடுகிறது. அப்படியானால் சும்மா இருக்கும்போது அது என்னதான் செய்கிறது? அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ரெய்க்கிள் என்பவரும் அவருடைய குழுவினரும் 2001-ல் இதற்கு ஒரு விடை வெளியிட்டார்கள். வெளி வேலையில் ஈடுபடும்போது அடங்கி, வேலை விட்டதும் உயிர்பெறும் சில பகுதிகள் மூளையில் இருக்கின்றன. நடந்ததை நினைத்தல், நடக்கப் போவதைத் தீட்டிப் பார்த்தல், பிறர் மனத்தில் என்ன இருக்கும் என்று எண்ணுதல் ஆகியவற்றின்போது செயல்படும் பகுதிகளும் பெரும்பாலும் அவையே என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. சும்மா இருக்கும் மூளை உண்மையில் சும்மா இருப்பதில்லை.

ஆனால் நம் மொழி இதற்கு நல்ல பெயர் ஒன்றும் சூட்டவில்லை என்பதைப் பாருங்கள். பகற்கனவு, மனக்கோட்டை, பராக்குப் பார்த்தல், விட்டத்தைப் பார்த்தல் எல்லாமே ஏச்சுச் சொற்கள். வேலையில்லாதவனின் வேலை என்பதே கருத்து. உண்மையோ, கை நிறைய வேலை இருப்பவர்களிடம்தான் இது அதிகம் காணப்படுகிறது. கையால் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்பவர்களின் மனம் எங்காவது போயே தீரும்.

இதை நன்கு உணர்ந்தவர்கள் கியூபாவின் சுருட்டுத் தொழிலாளர்கள். 1865-ல் ஹவானா நகரின் 'எல் பிகாரோ' ஆலையில் ஒருவர் மேடையில் அமர்ந்து உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுச் சுற்றும் வழக்கம் தொடங்கியது. செய்தித்தாளும் வாசித்தார்கள், நாவல்களும் வாசித்தார்கள். அலெக்சாந்தர் டூமாவின் நாவல் ஒன்று தொழிலாளர்களுக்குப் பிடித்துப் போனதால்தான் 'மாண்டிகிறிஸ்டோ' என்ற சுருட்டுக்கு அப்பெயர் வந்தது என்பார்கள். நமக்கு அண்மையில், கண்ணூரில் 1969-ல் பீடித் தொழிலாளர்கள் தொடங்கிய தினேஷ் பீடிக் கூட்டுறவுச் சங்கத்திலும் இவ்வழக்கம் இருந்தது. ஒருவர் பத்திரிகை வாசிப்பார். அவருக்குரிய பீடியை மற்றவர்கள் பங்கிட்டுச் சுற்றிக் கொடுப்பார்கள். மனம் எப்படியும் போகத்தான் போகிறது, நல்ல இடத்துக்குப் போகட்டுமே என்ற ஏற்பாடு!

நம் பெண்கள் சுற்றுவது ஆலையில் அன்று, வீட்டு நடையில். அவர்களுக்கு வாசிக்க ஆளில்லை. இந்நாளில் தொலைக்காட்சித் தொடர் ஓடுகிறது. செல்பேசியில் பயான் ஓடுகிறது. அவற்றையும் அவர்கள் கேட்பதாகத் தெரியவில்லை. சாச்சி வீட்டில் ஒரு தொடரில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். யார், எதற்கு என்று இருவரையும் கேட்டேன்; இருவருக்கும் தெரியவில்லை.

இதே தென்காசியில் பிறந்ததாகப் போற்றப்படும் ஒருவரை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. தக்கலையில் அடங்கியிருக்கும் பீர்முகமது அப்பா (ரஹ்) அவர்கள். ஞானப் பாடல்களால் தமிழுக்கு வளம் சேர்த்த அம்மகான், நெசவு செய்து பிழைத்தவர் என்பது வழிவழி வரும் செய்தி. அவருடைய 'ஞானப்புகழ்ச்சி' இன்றும் ரஜப் மாதத்து இரவில் தக்கலையில் கூடியிருந்து பாடப்படுகிறது. தறியில் கால் ஒன்றைச் செய்ய, கை ஒன்றைச் செய்ய, அகம் எங்கே உலவியது என்பதற்கு அப்பாடல்களே சாட்சி. வடக்கே கபீரும் நெசவாளிதான். தறியின் முன் அமர்ந்தவர்களெல்லாம் ஞானியாகவில்லை என்று நீங்கள் மறுக்கலாம். உண்மை. ஆனால் ஓடத்தின் ஓசையில் மனம் நழுவியவர்களைச் சோம்பேறிகள் என்று அக்காலத்தில் எவரேனும் ஏசியிருந்தால், அவர்கள் ஏசியது யாரை என்பதை நினைத்துப் பாருங்கள்.

அன்று அஸர் தொழுகைக்குப் பின் சாச்சியிடம் மீண்டும் கேட்டேன், மனம் அப்படி எங்கேதான் போகிறது என்று. முதலில் சிரித்து மழுப்பினார். பிறகு, மருமகள் இலை நனைக்கக் கொல்லைக்குச் சென்றதும், சொன்னார்.

சாச்சா மௌத்தாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. சந்தையில் சிறிய கடை வைத்திருந்தார். ஒருநாள் காலையில் புறப்படும்போது, "ஒரு தம்ளர் தண்ணி தா" என்று கேட்டிருக்கிறார். பீடிக் கடையில் கணக்கு ஒப்படைக்கும் நாள் அது. "இந்தக் கட்டை முடிச்சிக்கிறேன், இருங்க" என்றாராம் சாச்சி. சாச்சா தாமே எழுந்து போய்ப் பானையில் மொண்டு குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். கோபமாகக்கூடப் போகவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்குச் சந்தையிலிருந்து ஆள் வந்தது.

"தினமும் அந்தத் தண்ணியைக் குடுத்துக்கிட்டுதான் இருக்கேன். எந்திரிச்சிப் போவேன், மொள்ளுவேன், கையில குடுப்பேன். குடுத்து முடியறதுக்குள்ள கட்டு வந்துரும். நூலை எடுத்துக் கட்டுவேன். அடுத்த கட்டுக்கு மறுபடியும்..."

நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது?

2010-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்னும் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரை அவரவர் செல்பேசி வழியே நாளின் பல வேளைகளில் அழைத்து, இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று கேட்டார்கள். கேட்ட வேளைகளில் 46.9 விழுக்காடு மனம் செய்யும் வேலையில் இல்லை. ஏறக்குறைய விழித்திருக்கும் வாழ்வில் பாதி! அலையும் மனம் மகிழ்ச்சியற்ற மனம் என்பது அவர்கள் கண்ட முடிவு. செய்தித்தாள்கள் அம்முடிவை மட்டும் எடுத்துக் கொட்டை எழுத்தில் போட்டன. ஆனால் அந்த ஆய்வின் உள்ளே இன்னொன்றும் இருக்கிறது. மனம் இனிய நினைவுக்குச் சென்றபோது மகிழ்ச்சி குறையவில்லை. கசப்பான நினைவுக்குச் சென்றபோதுதான் வெகுவாகக் குறைந்தது. இதற்கு நெடுநாள் முன்பே, 1966-ல் பகற்கனவைப் பற்றி நூல் எழுதிய ஜெரோம் சிங்கர் என்னும் உளவியலாளர் இதை வகைப்படுத்தினார். வரப்போவதைத் திட்டமிட்டு இன்புறும் கனவு ஒரு வகை. குற்ற உணர்விலும் அச்சத்திலும் உழலும் கனவு மற்றொரு வகை. எதிலும் நிலைகொள்ளாமல் தாவும் மனம் மூன்றாவது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும்: கண் எங்கோ பார்க்கிறது.

வேலையில் மட்டுமா, தொழுகையில் நிற்கும்போதுகூட மனம் நழுவுவதை நம்மில் அனுபவிக்காதவர் யார்? அதை நினைத்து மறுகுகிறவர்கள் பலர். சாச்சியும் அவர்களில் ஒருவர். அவரிடம் உமர் (ரலி) அவர்களைப் பற்றிய செய்தியைச் சொன்னேன். தொழுகையில் நிற்கும்போதே படையை ஆயத்தப்படுத்தும் எண்ணம் தமக்கு வருவதாக அவர்கள் கூறியது புகாரியில் பதிவாகியிருக்கிறது. மனத்தை ஒருமுகப்படுத்துவது பற்றி அவ்வளவு எழுதிய இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும், தம் 'இஹ்யா'வில், உள்ளத்தில் தானே வந்து விழும் எண்ணத்துக்கு மனிதன் பொறுப்பாளி அல்லன் என்றும், அதைப் பற்றிக்கொண்டு உறுதி கொள்வதிலிருந்தே கணக்குத் தொடங்குகிறது என்றும் படிப்படியாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். சாச்சி கேட்டுக்கொண்டார். ஆறுதல் அடைந்தாரா என்பதை அவர் முகம் காட்டவில்லை. விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

இப்போது என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் ஆசிரியையாக இருந்தபோது, தொண்ணூறுகளின் நடுவில், சன்னலோரம் அமர்ந்திருந்த ஒரு மாணவியின் மதிப்பெண் அட்டையில், 'வகுப்பில் பகற்கனவு காண்கிறாள்' என்று சிவப்பு மையில் எழுதினேன். திருத்தத்தான் எழுதினேன். அட்டையில் கையொப்பமிட்ட தந்தை அதை வேறு விதமாகப் படித்துக்கொண்டார். மறு ஜூன் மாதம் அவள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டில் தட்டு வாங்கிக் கொடுத்துப் பீடிக்கு உட்கார வைத்துவிட்டார்கள் என்று உடன் படித்தவர்கள் சொன்னார்கள். அவள் சன்னலுக்கு வெளியே எதைப் பார்த்தாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஐந்து நிமிடம் ஆகியிருக்குமா கேட்பதற்கு?

ஆகவே சாச்சியின் பேத்தி மாலையில் பள்ளியிலிருந்து வந்ததும், நான் புத்தகத்தை எடுக்கச் சொல்லவில்லை. மாடிக்கு அழைத்துச் சென்றேன். மேற்கே மலையின் மேல் மேகம் கவிந்திருந்தது. முந்தானையைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் பறித்துக்கொண்டு போகும் காற்று. அவள் கைப்பிடிச் சுவரில் முகவாயை வைத்து நின்றாள். சற்று நேரத்தில் நான் பக்கத்தில் இருப்பதை மறந்துவிட்டாள். சாச்சி சொன்ன பராக்கு இதுதான் என்று கண்டுகொண்டேன்.

"என்னம்மா பாக்கிறே?"

திடுக்கிட்டாள். ஏச்சு வரப்போகிறது என்று எண்ணியிருக்க வேண்டும். "ஒண்ணுமில்ல மாமி" என்றாள்.

"ஒண்ணுமில்லாததை இவ்வளவு நேரம் பாக்க முடியாதே. எனக்கும் காட்டு."

தயங்கித் தயங்கிச் சொன்னாள். "காத்தாடி மாமி. இங்கேருந்து பதினாலு தெரியும். எல்லாத்துக்கும் ஒரே காத்துதான். ஆனா தினமும் ரெண்டு மூணு நிக்கும். நேத்து நின்னது இன்னைக்குச் சுத்துது. வேற ஒண்ணு நிக்குது. கிளாஸ்லேருந்து பாத்தா ஆறு தெரியும். அது ஏன் நிக்குதுன்னு..." என்று நிறுத்திக்கொண்டாள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பழுது பார்க்கச் சிலவற்றை நிறுத்துவார்கள். மின்கம்பி தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் வந்தால் சிலவற்றை நிறுத்தச் சொல்வார்கள். காற்று அளவு மீறிப் போனால் தாமாகவே நின்றுவிடும் அமைப்பும் உண்டு. அவள் கேட்டுக்கொண்டே, "அப்ப அந்த ஓரத்துல இருக்கிறது பழுதுதான். ஒம்பது நாளா நிக்குது" என்றாள்.

ஒன்பது நாள்! அறிவியல் பாடத்தில் அவள் வாங்கிய மதிப்பெண்ணை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது பெருமைப்படும்படி இல்லை. அவள் மனம் வகுப்பில் இல்லை என்று ஆசிரியை சொன்னது பொய்யும் அன்று. பாடத்தைத் தவறவிடுகிறாள், அதைச் சரி செய்யத்தான் வேண்டும். அவளை முன் வரிசையில், சன்னலுக்குத் தள்ளி அமர்த்தும்படி ஆசிரியையிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். மாலையில் அரை மணி நேரம் மாடியில் விட்டுவிட்டு, அதன் பிறகு புத்தகத்தை எடுக்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன்.

இரவு மருமகளிடம் பேசினேன். 14 வயது வரை கல்வி பிள்ளையின் உரிமை என்று 2009-ல் சட்டம் வந்துவிட்டதை எடுத்துரைத்தேன். சட்டம் பேசி நான் எந்த வீட்டிலும் வென்றதில்லை, அங்கும் வெல்லவில்லை. "சட்டம் வந்து பீடி சுத்துமா மைனி?" என்றாள். அவள் மீது குறை சொல்ல என்ன இருக்கிறது? பகல் முழுவதும் அமர்ந்து, இரவும் விளக்கடியில் அமர்ந்து, கணக்குக் குறைந்தால் ஏச்சு வாங்குபவள் அவள். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை உள்ளவர்களின் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நலத் துறை வழங்கும் கல்வி உதவித்தொகையைப் பற்றிச் சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அட்டை பெட்டிக்குள் கிடந்தது, விண்ணப்பித்ததே இல்லை. தேடி எடுத்தோம். இத்தகைய அட்டை வைத்திருக்கும் வாசகிகள் இதைக் கவனிக்கவும்.

முடிவாக அவள் சொன்னது: அரைப் பரீட்சை வரை பார்ப்போம். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

மறுநாள் காலை புறப்பட்டேன். பேருந்துக்கு நேரம் இருந்தது. நடையில் சாச்சி சுளகோடு அமர்ந்துவிட்டார். விரல்கள் ஓடத் தொடங்கின. கண்கள் மெல்ல எங்கோ போகத் தொடங்கின. எங்கே போகின்றன என்பது இப்போது எனக்குத் தெரியும். பார்க்க மனம் பொறுக்காமல் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அப்போது பள்ளிச் சீருடையோடு மாடிப்படி இறங்கி வந்தாள் பேத்தி. சாச்சி தலை நிமிராமல், கை நிறுத்தாமல் கேட்டார்:

"ஏட்டி, இன்னைக்கு எத்தனை நிக்கி?"

"மூணு வாப்பும்மா."

"ஓரத்துல உள்ளது?"

"அதுவும்தான்."

"இன்னும் ஆள் வரல போல" என்றார் சாச்சி, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.